ரேடியோவில் வந்த பேரு

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நெருப்பெரிச்சல் குழு உறுப்பினர் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் பத்தியெல்லாம் மத்தவங்க பேசுறாங்க, நீ உனக்குப் பிடிச்சதைப் பத்து நிமிசம் பேசும்மான்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. எனக்கு மேடை பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். அதனால எழுதி வெச்சுட்டு வந்திருக்கேன், பார்த்துப் படிக்கிறதுக்கு யாரும் சிரிக்கக் கூடாது. நான் பேசப் போறது ரேடியோ பத்தி.

ரேடியோன்னதும் பின்னாடி வரிசையில ரெண்டு அம்மா சிரிக்கிறாங்க. உங்க காலத்துல இருந்தே ஆரம்பிக்கிறேனுங்க.

எங்க அம்மா பொறந்தது அவிநாசி பக்கம். அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப வீட்டுல ரேடியோ வெச்சிருந்தா அதுக்கு லைசென்ஸ் வேணும். போஸ்ட் ஆபீசுல வருசா வருசம் பணம் கட்டணும். அதுக்குத் தனியா ஒரு புத்தகம். எண்பதுகள்ல தான் அந்த லைசென்ஸை எடுத்தாங்க. டி.வி.க்கு இல்ல, போனுக்கு இல்ல, ரேடியோவுக்கு லைசென்சான்னு என் மகன் கேக்கறான். ஆமா கண்ணு, அவ்வளவு பெரிய சாமான் அது. எங்க அப்புச்சி வீட்டுல அதுக்கு வசதி இல்லை. ஊருக்குப் பொதுவா பஞ்சாயத்து ரேடியோதான். பொழுது சாய்ஞ்சா ரேடியோ ரூமைத் திறந்து போட்டு விடுவாங்களாம். திண்ணையிலயும் மரத்தடியிலயும் ஆம்பளைங்க உட்கார்ந்து கேப்பாங்க. பொம்பளைங்க அங்க போய் உட்கார முடியாது. எங்க அம்மாவும் அம்மிச்சியும் வாசல்ல நின்னு, காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கறது, அந்தப் பக்கம் அடிச்சா இல்லை.

அம்மா அதிகமாச் சொல்றது இலங்கை வானொலி பத்திதான். பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம்னு பேர் சொல்லும்போதே அம்மா முகம் மாறும். நம்ம நாட்டு ரேடியோ இருக்கையில எதுக்கு இலங்கைன்னு கேட்டேன். அப்புறம் நானே படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். ஐம்பதுகள்ல வானொலிக்கு மந்திரியா இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு நினைச்சு அதைக் குறைச்சுட்டார். ஜனங்க என்ன பண்ணுச்சு? ரேடியோ முள்ளைத் திருப்பிக் கடல் தாண்டி இலங்கைக்குப் போயிடுச்சு. அப்புறம் 1957இல் நம்ம அரசாங்கமே விவித பாரதின்னு ஆரம்பிச்சுப் பாட்டு போட வேண்டியதாப் போச்சு. வேண்டாம்னு சொன்னா ஜனங்க கேக்காம இருந்துடுவாங்களா?

அந்தக் காலத்து நேயர் விருப்பம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்குமுங்க. பாட்டு மூணு நிமிசம், அதுக்கு முன்னாடி பேர் வாசிக்கிறதே ஒரு நிமிசம் இருக்கும். இந்த ஊர் இன்னார், அந்த ஊர் இன்னார், மற்றும் குடும்பத்தினர். நான் சின்ன வயசுல கோவை வானொலியில அதைக் கேட்டிருக்கேன். கேட்டுகிட்டே இருந்தப்ப ஒண்ணு தோணுச்சு. வர்ற பேர்ல முக்கால்வாசி ஆம்பளைங்க பேரு. பொம்பளைங்க எல்லாரும் அந்த "மற்றும் குடும்பத்தினர்"ங்கிறதுக்குள்ள உட்கார்ந்திருக்காங்க. கார்டு வாங்கி எழுதிப் போடறது அவர், பாட்டைத் தேர்ந்தெடுத்தது அந்தம்மாவாக் கூட இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

இனி என் கதைக்கு வர்றேன்.

நான் பத்தாவது முடிச்சது 2003இல். அந்த வருசம்தான் பனியன் கம்பெனிக்குப் போனேன். ஏன் மேல படிக்கலைன்னு கேக்காதீங்க, இங்க இருக்கிற பாதிப் பேருக்கு அதே கதைதான். அப்போ நெருப்பெரிச்சல் பஞ்சாயத்து. மாநகராட்சியோட நம்மைச் சேர்த்தது 2011இல். நம்ம ஊரைச் சுத்திச் சோளக்காடும் தட்டுப் போரும் இருந்துச்சு, நடுவுல நடுவுல சீட்டுக் கொட்டகை போட்ட கம்பெனி. அதுல ஒண்ணுலதான் பிசிறு வெட்டற வேலை. காலையில எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்டு, ராத்திரி எட்டரை ஆகிடும். சனிக்கிழமை கவர்ல சம்பளம்.

கம்பெனிக்குள்ள ஓவர்லாக் மிஷின் சத்தம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு ஆம்ப்ளிபயரும் ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கரும் பாடிகிட்டு இருக்கும். முதல்ல கேசட்தான். கான்ட்ராக்ட்காரர் வெச்சிருந்தது மொத்தம் ஏழோ எட்டோ கேசட். ஒரு பாட்டு முடியுமுன்ன அடுத்த பாட்டு என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் மனசு எப்படி இருக்கோ அதுதான் அன்னிக்குப் பாட்டு. சோகமா இருந்தார்னா நாப்பது பேரும் சோகமாத் தைக்கணும்.

அப்பதான் கோயமுத்தூர்ல எப்.எம். வந்துச்சு. முதல்ல சூரியன் எப்.எம். 93.5. ஆல் இந்தியா ரேடியோவோட ரெயின்போ 103. அப்புறம் சில வருசம் கழிச்சு மிர்ச்சி 98.3, ரேடியோ சிட்டி 91.1, ஹலோ எப்.எம். 106.4ன்னு வரிசையா வந்துச்சு. இந்த நம்பரெல்லாம் எனக்கு இப்பவும் மனப்பாடம். எங்க வீட்டுக்காரரோட செல் நம்பர் கூட பார்த்துதான் சொல்லணும்.

கோயமுத்தூர் நமக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். எப்.எம். அலை நேராத்தான் வரும், பழைய மீடியம் வேவ் மாதிரி ரொம்ப தூரம் போகாது. அதனால நம்ம ஊர்ல சில இடத்துல தெளிவாக் கேக்கும், சில இடத்துல கொரகொரன்னு இருக்கும். எங்க கம்பெனியில ஏரியல் கம்பியில ஒரு செம்புக் கம்பியை முறுக்கி, சீட்டு மேல இருந்த கொடிக்கம்பி வரைக்கும் இழுத்துக் கட்டினோம். அந்தக் கம்பியில யாராவது ஈரத்துணி போட்டா போச்சு, உள்ளே இருந்து ஒரே சத்தம், "யாரு துணி, எடுங்க!"ன்னு.

என்ன பெரிய விசேஷம், பாட்டுதானேன்னு நினைப்பீங்க. பாட்டு இல்லீங்க, பேச்சு. ரேடியோன்னா நாங்க கேட்டு வளர்ந்தது செய்தி வாசிக்கிற தமிழ். சரோஜ் நாராயணசாமி அம்மா டெல்லியில இருந்து செய்தி வாசிச்சா ஊரே கப்சிப்னு இருக்கும்னு அம்மா சொல்வாங்க. அது ஒரு கம்பீரம், மறுக்கலை. ஆனா இந்த எப்.எம்.ல ஒரு பொண்ணு நம்ம பக்கத்து டேபிள்ல உட்கார்ந்து பேசற மாதிரி பேசுச்சு. சாப்டீங்களா, என்ன கொழம்புன்னு கேக்கும். நாங்க இங்கிருந்து பதில் சொல்லுவோம். கத்தரிக்கோல் கையில, கண்ணு பீஸ்ல, வாய் மட்டும் ரேடியோகூடப் பேசிகிட்டு இருக்கும். பதினொரு மணி டீ வந்தா ஒரு நிகழ்ச்சி, சாப்பாட்டுக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. எங்க யார்கிட்டயும் வாட்ச் கிடையாது. ரேடியோவுல யார் பேசறாங்கன்னு பார்த்தே மணி சொல்லுவோம்.

அப்புறம் போன் பண்ணிப் பாட்டு கேக்கற நிகழ்ச்சி. இங்கதான் நான் சொல்ல வந்த விசயம் இருக்குது.

எங்க செக்கிங் டேபிள்ல திண்டுக்கல் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த ஒரு அக்கா இருந்தாங்க. ரெண்டு பிள்ளைங்க. நல்லாப் பேசுவாங்க, அதைவிட நல்லாச் சிரிப்பாங்க. ஒரு நாள் டீ டைம்ல கடை வாசல்ல இருந்த ஒரு ரூபாய் காயின் போன்ல இருந்து எப்.எம்.முக்கு அடிச்சுட்டாங்க. சும்மா விளையாட்டுக்குத்தான். அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை நாங்க எல்லாரும் அடிச்சிருக்கோம், லைன் கிடைச்சதே இல்லை. அன்னிக்குன்னு பார்த்துக் கிடைச்சிடுச்சு.

நாங்க உள்ளே இருக்கோம். ஸ்பீக்கர்ல அக்கா குரல் வருது. பேரைச் சொன்னாங்க. நெருப்பெரிச்சல்னு ஊரைச் சொன்னாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டதுக்கு, "பனியன் கம்பெனியில செக்கிங்"னு சொன்னாங்க. இந்தப் பாட்டு எங்க டேபிள்ல இருக்கிற ஒன்பது பேருக்கும்னு சொன்னாங்க. அவ்வளவுதான், ஒரு நிமிசம் கூட இருக்காது. டைலருங்க எல்லாம் மிஷினை நிறுத்திட்டாங்க. அந்தக் கொட்டகையில அத்தனை அமைதியை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லை. அக்கா உள்ளே வந்ததும் நாங்க கத்தின கத்துல கான்ட்ராக்ட்காரரே சிரிச்சுட்டார்.

அதே நேரத்துல இன்னொரு கம்பெனியில, இன்னொரு ஸ்பீக்கர்ல, அக்காவோட கொழுந்தனும் அதைக் கேட்டுட்டு இருந்திருக்கார்.

மறுநாள் அக்கா வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. நாலாவது நாள் வந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கலை, அவங்களும் சொல்லலை. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. பின்னாடி கேள்விப்பட்டோம், "பொம்பளை பேரு ஊரெல்லாம் கேக்கணுமா, எவன் எவன் காதுல விழுந்துச்சோ"ன்னு பெரிய சண்டையாம். எங்க வீட்டுலயும் அந்தப் பேச்சு வந்துச்சு. எங்க அப்பா என்னைக் கூப்பிட்டு, நீயெல்லாம் போன் கீன் பண்ணக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டார். நானும் பண்ணலை.

இதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியாத ஒண்ணு என்னன்னா, அந்த அக்கா தப்பா ஒரு வார்த்தை பேசலை. பேர், ஊர், வேலை. ரேசன் கார்டுல இருக்கிறது அவ்வளவும். இதையே கார்டுல கேட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க. வாயால, சத்தமா, தானாச் சொன்னதுதான் அவங்களுக்குப் பொறுக்கலை.

அப்புறமும் அந்தக் கம்பெனியில ரேடியோ பாடிகிட்டுதான் இருந்துச்சு. அக்கா சிரிக்கிறது மட்டும் குறைஞ்சு போச்சு. ஒரு வருசத்துல ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க.

ரேடியோவை நான் ரொம்பப் பாராட்டிப் பேசிட்டேன். குறையையும் சொல்லணும் இல்லீங்களா.

2011 ஜனவரி கடைசியில சென்னை ஐகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடினாங்க, ஞாபகம் இருக்குதா? நொய்யல்ல சாயத் தண்ணி போய், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் எத்தனையோ வருசம் கோர்ட்டுக்கு நடந்த கேஸ் அது. அவங்க பக்கம் நியாயம் இருக்குதுன்னு எனக்கு அப்பவும் தெரியும், எங்க மாமனார் வீட்டுலயும் காடு இருந்துச்சு. ஆனா சாயம் இல்லாம துணி இல்லை, துணி இல்லாம நமக்கு வேலை இல்லை. எனக்கு அப்பக் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை. வீட்டுக்காரர் டைலர், வாரத்துல ரெண்டு நாள் வேலை கிடைச்சாப் பெருசு. வாடகைக்கு இருந்தவங்க பாதிப் பேரு சாமானைக் கட்டிகிட்டு ஊருக்குப் போனாங்க. பட்டறை எப்பத் திறக்கும், திறக்குமா மாட்டாங்களா, அது ஒண்ணுதான் ஊர்ல பேச்சு.

வீட்டுல நாள் பூரா எப்.எம். ஓடிகிட்டு இருந்துச்சு. பாட்டு வந்துச்சு, ஜோக் வந்துச்சு, நகைக்கடை விளம்பரம் வந்துச்சு. சாயப்பட்டறை பத்தி ஒரு வார்த்தை வரலை. எனக்கு அவ்வளவு கோவம். தினமும் சாப்டியான்னு கேக்கற ரேடியோ, சோத்துக்கு வழி இருக்கான்னு கேக்கலையேன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அவங்க தப்பு இல்லை. நம்ம நாட்டுல தனியார் எப்.எம்.ல சொந்தமாச் செய்தி சொல்லக் கூடாதுன்னு சட்டம். செய்தி சொல்ற உரிமை ஆகாசவாணிக்குத்தான். அவங்க வேலை பாட்டு போடறது, அதை நல்லாவே செஞ்சாங்க. நாமதான் அதுகிட்ட அதுக்கு மேல எதிர்பார்த்துட்டோம்.

இப்ப எந்தக் கம்பெனிக்குள்ள போனாலும் ஸ்பீக்கர் இருக்கிறது குறைவு. எல்லார் காதுலயும் ஒயர். போன்ல எப்.எம். வந்த புதுசுல ஹெட்செட் குத்தினாத்தான் பாட்டு வரும், அந்த ஒயர்தான் ஏரியல். அப்படித்தான் எல்லாரும் காதுக்குள்ள கேக்கப் பழகினாங்க. இப்ப ரேடியோவே வேண்டாம், அவங்கவங்க போன்ல அவங்கவங்க பாட்டு. ஒடிசாப் பிள்ளைங்க ஒடியாப் பாட்டு கேக்குது, பீகார்ப் பிள்ளைங்க போஜ்புரி கேக்குது, நம்ம பிள்ளைங்க ரீல்ஸ் பார்க்குது. அது நல்லதுதான், கான்ட்ராக்ட்காரர் மனசுக்கு ஏத்தபடி நாம சோகமா இருக்க வேண்டியதில்லை. ஆனா ஒரு பாட்டுக்கு நாப்பது பேரு ஒண்ணா முணுமுணுக்கறது இனி வராது. பக்கத்து மிஷின்ல உட்கார்ந்திருக்கிற ஒடிசாப் பிள்ளைக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது, அதுக்கு என்னோடது தெரியாது.

சரி, பழைய கதை போதும். இதை எதுக்கு இந்த மேடையில சொல்றேன்னா, ஒரு விசயத்தை உங்க முன்னாடி வெக்கணும்.

தெலங்கானாவுல ஜஹீராபாத் பக்கத்துல மச்சனூர்னு ஒரு கிராமம். அங்க நம்மை மாதிரியே பொம்பளைங்க சங்கம் வெச்சிருக்காங்க. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டிங்கிற அமைப்போட சங்கங்கள். தலித் பெண்கள், சின்னச் சின்ன நிலம் வெச்சுக் கம்பும் சோளமும் பயிர் பண்றவங்க. அவங்க 2008 அக்டோபர்ல சொந்தமா ஒரு ரேடியோ ஆரம்பிச்சாங்க. சங்கம் ரேடியோன்னு பேரு. அதை நடத்துற ரெண்டு பேருக்கும் பேரு நரசம்மாதான். ஜெனரல் நரசம்மா, ஆல்கோல் நரசம்மான்னு அடையாளம் சொல்லுவாங்க. மைக் பிடிக்கிறது, பதிவு பண்றது, வெட்டி ஒட்டறது எல்லாம் அவங்களே. விதை பத்தி, சமையல் பத்தி, பாட்டிங்க பாடற பாட்டு, நோய் நொடி எல்லாம் அவங்க பேச்சுலயே.

நம்ம தமிழ்நாட்டுலயும் இருக்குதுங்க. நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடியில, தானம் அறக்கட்டளையோட களஞ்சியம் சமுதாய வானொலி. கடற்கரை ஜனங்களுக்காக.

இதுக்குப் பேரு சமுதாய வானொலி. 2006இல் மத்திய அரசு விதியை மாத்துச்சு. பதிவு பண்ணி மூணு வருசமாவது வேலை செஞ்சுட்டு இருக்கிற லாப நோக்கமில்லாத அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம்னு. 100 வாட் அளவுக்குச் சின்ன ஒலிபரப்பி, சுத்துவட்டாரத்துக்கு மட்டும் கேக்கும். அதுலயும் சொந்தச் செய்தி சொல்லக் கூடாது, அதையும் சொல்லிடறேன். ஆனா வேலை, கூலி, உடம்பு, தண்ணி, பள்ளிக்கூடம்னு நம்ம விசயத்தை நம்ம வாயால பேசலாம்.

நாளைக்கே டவர் வெக்கலாம்னு நான் சொல்லலை. தலைவி அக்கா என்னைப் பார்க்கறதைப் பார்த்தாலே தெரியுது, கணக்குல அவ்வளவு காசு இல்லைன்னு. ஆனா மச்சனூர் பொம்பளைங்க பத்தி நான் படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, லைசென்ஸ் கிடைக்கிறதுக்குப் பல வருசம் முன்னாடியே அவங்க பதிவு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. டேப்ல பேசிப் பதிஞ்சு, சங்கக் கூட்டத்துல போட்டுக் கேட்டிருக்காங்க. காத்துல விட அனுமதி இல்லைன்னா கையில கொண்டு போனாங்க.

நம்ம எல்லார் கையிலயும் போன் இருக்குது. கூட்டமைப்பு வாட்ஸ்அப் குரூப்ல இப்ப வர்றது குட்மார்னிங் பூவும், தவணை கட்டச் சொல்லி ஞாபகப்படுத்தறதும்தான். வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமைன்னு வெச்சுக்கலாம், ஒரு குழு பத்து நிமிசம் பேசிப் பதிஞ்சு அனுப்பணும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத அம்மாங்களும் கேக்கலாம், பேசலாம். தையல் மிஷின்ல ஊசி ஏறினா என்ன பண்றது, பிஎஃப் பணத்தை எப்படிக் கேக்கறது, மூட்டு வலிக்கு எந்த ஆஸ்பத்திரியில எந்தக் கிழமை பார்க்கறாங்க, எதுவா இருந்தாலும் சரி. கும்மிப் பாட்டு தெரிஞ்ச அம்மாங்க நம்ம குழுவுல நாலு பேராவது இருக்காங்க, அவங்க பாட்டை அவங்க இருக்கையிலயே பிடிச்சு வெச்சுக்கணும். ஒடிசாப் பிள்ளைங்க விருப்பப்பட்டா அவங்களும் ஒரு பாட்டு பாடட்டும்.

ஒரே ஒரு விதி. பேசறவங்க முதல்ல தன் பேரு, தெரு, தான் செய்யற வேலை, மூணையும் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். வீட்டுல இருக்கேன்னு சொல்லாம, என்ன வேலை பண்றீங்களோ அதைச் சொல்லணும்.

முதல் புதன்கிழமை எங்க குழு பேசறோம். அன்னிக்கு யாரு எதைப் பத்திப் பேசறதுன்னு நேத்தே தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டோம். ரெண்டாவது வாரத்துக்கு எந்தக் குழுன்னு இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள யாராவது கை தூக்குங்க.

எனக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சு போச்சு.